எதிரில் யாரும் இல்லை, வண்டி நின்றது

புனேயின் கட்கிப் பகுதியில் ரயில் பாதைக்கு அடியில் புகுந்து போகிற ஒரு குறுகிய வழி இருக்கிறது. இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் ஓட்டுநர்கள் நலம் விசாரித்துக்கொண்டுதான் கடக்க முடியும். மழைக்காலம் முடிந்து வெகு நாளான பிறகும் அதன் சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். உள்ளே ஈரச் சிமெண்ட் வாசனை, டீசல் வாசனை, யாரோ கொண்டு போகிற வடாபாவின் மிளகாய் வாசனை.

அதன் நட்டநடுவில் எங்கள் புதுக் கார் நின்றது. நாங்கள் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

முதலில் ஒரு 'பீப்'. பிறகு மூச்சு விடாமல் பீப் பீப் பீப். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் திரையில் எங்கள் காரின் படம் வந்தது. அதன் மூக்குக்கு முன்னால் சிவப்பாக ஒரு வளைவு. அடுத்த நொடி, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் வண்டி குலுங்கி நின்றுவிட்டது.

ஓட்டிக்கொண்டிருந்தது என் மனைவி சாந்தாமணி. இடதுபக்க இருக்கையில் நான்.

"ஏனுங்க, முன்னாடி யாருங்க நிக்கறாங்க?"

"யாருமில்ல அம்மணி."

"அப்பறம் யாரைப் பாத்து இது கத்துது?"

எட்டிப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் போன பேருந்து எப்போதோ வெளிச்சத்துக்குப் போய்விட்டது. நடுவில் வெறும் சாலை.

"நீ எதையாச்சும் மிதிச்சயா?"

"நான் எதையும் மிதிக்கலீங்."

"நல்லா ஞாபகப்படுத்திப் பாரு."

"ஞாபகப்படுத்தறதுக்கு இதென்ன பரீட்சையாங்க?"

பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. ஸ்கூட்டரில் வந்த ஒரு இளைஞன் கண்ணாடிப் பக்கம் குனிந்து, "காக்கூ, சலா நா," என்றான். நகருங்களேன் என்கிறான். காக்கூ என்றால் மராத்தியில் சித்தி. புனேயில் ஒரு பெண் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டால் போதும், அந்த ரோட்டில் இருக்கிற எல்லோருக்கும் சித்தியாகிவிடுவாள்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் நகர்ந்தது. சாந்தாமணி பள்ளிக்கூட வாசல் வரை ஓட்டினாள், சாயங்காலம் வீடு வரை ஓட்டினாள், சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.

"எனக்கு வண்டி ஓட்ட வரலீங்," என்றாள்.

அதற்குப் பிறகு அந்தச் சாவியை அவள் தொடவில்லை.

யாருக்காக வாங்கிய வண்டி

கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி வேலையை விட்டு, புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் இன்னொரு பம்ப் கம்பெனிக்கு நான் வந்த கதையைப் போன வாரம் சொல்லியிருந்தேன். இவ்வளவு தூரம் வந்தும் பம்ப்பை விட்டு வேறு எதற்கும் மாறவில்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எனக்கு வேறு எதுவும் தெரியாது, அதுதான் காரணம்.

சாந்தாமணிக்குத் தெரியும். வந்த சில மாதங்களிலேயே கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகளிடமிருந்தே மராத்தியும் இந்தியும் கற்றுக்கொண்டாள். எனக்கு இன்றைக்கும் இந்தியில் ஆண்பால் பெண்பால் தகராறு. நாற்காலி பெண், மேசையும் பெண், வீடு மட்டும் ஆண் என்கிறார்கள். யார் போய்ப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேருந்து. முதல் பேருந்தில் ஏற இடித்து, இரண்டாவதிலிருந்து இறங்க இடித்து, கையில் திருத்தின நோட்டுக் கட்டோடு அவள் போய்வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே, "நான் கார் ஓட்டப் பழகலாம்னு இருக்கறனுங்," என்றாள். அரைக் கிழவியாகப் போகிற வயதில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வாயைத் திறந்தேன், தோசைக் கரண்டி கையில் இருந்ததைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன்.

முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். நான் கோயம்புத்தூரில் எட்டுப் போடும்போது இரண்டு முறை காலை ஊன்றியவன். அதுவும் மொபெட்டில்.

கார் அவள் பெயரில்தான் வாங்கப்பட்டது. ஷோரூமில் போட்டோ எடுக்கும்போது பெரிய அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுப்பார்களே, அதை என்னிடம் நீட்டினார்கள். "ஏக் மினிட்," என்று அவள் வாங்கிக்கொண்டாள். அந்தப் போட்டோவில் நான் ஓரமாக, கூட வந்த ஒறம்பரைபோல் நிற்பேன். எங்கள் ஊரில் விருந்தாளிக்கு ஒறம்பரை என்று பெயர்.

அப்படி வாங்கிய வண்டியின் சாவிதான் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. அவள் மறுபடியும் இரண்டு பேருந்து ஏறினாள்.

ஏன், ஏன், ஏன்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை இந்த இடத்தில் சொல்லித்தான் ஆகவேண்டும். தரக்கட்டுப்பாடு. ஒரு பம்ப் திரும்பத் திரும்ப ஒரே கோளாறோடு வந்தால், அது ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்கிற உத்தியோகம். ஏன் என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் மூலகாரணம் வெளியே வரும் என்று புதிதாகச் சேருகிற பையன்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன்.

வகுப்பில் கேட்கிற அந்தக் கேள்வியை வீட்டில் கேட்டுப் பார்த்தேன்.

"வண்டி ஏன் நின்னுது?"

"கத்துச்சு, நின்னுது."

"ஏன் கத்துச்சு?"

"முன்னாடி யாரோ நிக்கறதா நெனச்சுட்டுது."

"ஏன் அப்படி நெனச்சுது?"

"அதைய வண்டிகிட்டக் கேளுங்க. என்னைய ஏன் கேக்கறீங்க?"

அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது.

ஒன்றை மட்டும் கவனித்தேன். சனிக்கிழமைகளில் கத்தல் அதிகம். ஞாயிறும் அப்படித்தான். வாரத்தின் நடுவில் குறைந்து, சில நாள் சுத்தமாக இருக்காது. வார இறுதியில் போக்குவரத்து அதிகம், அதனால் வண்டிக்கு மிரட்சி என்று ஒரு கோட்பாடு தயாரித்தேன். ஆபீஸில் யாராவது இப்படி ஒரு காரணத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தால் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நாலு வட்டம்

கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் ஆயுத பூஜை பார்த்தவர்களுக்கு நான் சொல்லப் போவது புரியும். சந்தனக் கிண்ணத்தோடு ஒருவர், குங்குமத்தோடு ஒருவர், வரிசையாக வருவார்கள். லேத்துக்குப் பொட்டு, டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு, ஸ்பேனருக்குப் பொட்டு, கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டருக்கும் பொட்டு. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்த மேனேஜர் ஒருவருக்கு அவர் மேசையோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். இரும்பாக இருந்தால் பொட்டு, அவ்வளவுதான்.

சாந்தாமணியின் அப்பா பட்டறை வைத்திருந்தவர். ஆகவே கார் வந்த அன்றே முறைப்படி எல்லாம் நடந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைக்க செக்யூரிட்டி சம்மதிக்காததால் சின்னதாக ஒரு தேங்காய். பிறகு சந்தனமும் குங்குமமுமாகப் பொட்டு.

எங்கே வைப்பது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. காரின் முன்பக்கம், நம்பர் பலகைக்கு இரண்டு பக்கமும், பம்பரில் வரிசையாக நாலு வட்டம் இருந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவு, வழுவழுவென்று, பொட்டுக்கென்றே செய்துவிட்டதுபோல.

"பாருங், கம்பெனிக்காரங்களே எடம் விட்டிருக்கறாங்க," என்றாள்.

நானும் பார்த்தேன். ரொம்ப எடுப்பாக இருந்தது. தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக, நாலும் ஒரே அளவில் இருக்கிறதா என்றுகூடக் குனிந்து பார்த்துப் பாராட்டினேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் பழையதைத் துடைத்துவிட்டுப் புதுப் பொட்டு. வண்டி கத்த ஆரம்பித்த பிறகு சந்தனத்தின் கனம் கூடியது. சுரங்கப்பாதைச் சம்பவத்துக்குப் பிறகு அடியில் விபூதியும் சேர்ந்துகொண்டது. வண்டி ஓட்டுவதை நிறுத்தின பிறகும் அவள் பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை. இப்போது நான்தானே ஓட்டுகிறேன், எனக்கு ஏதும் ஆகக்கூடாதே.

டாக்டரிடம் போகும் குழந்தை

சர்வீஸ் சென்டர் நெடுஞ்சாலையில் இருந்தது. எங்கள் வண்டியைக் கவனித்துக்கொள்ள சாகர் என்று ஓர் இளைஞன். வழுக்கிவிடும் அளவுக்குப் பளபளக்கும் ஷூ, எதற்கும் கோபப்படாத முகம்.

போகிற ஒவ்வொரு தடவையும் காலையில் எழுந்து காரை நான் கழுவிவிடுவேன். காய்ச்சல் குழந்தையை டாக்டரிடம் தூக்கிப் போகும்போது முகம் கழுவி, பவுடர் போட்டு, நல்ல சட்டை மாட்டித்தானே கூட்டிப் போகிறோம். அந்தப் பழக்கம். இத்தனை அழுக்காக வைத்திருந்தால் கோளாறு வராமல் என்ன செய்யும் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. பக்கெட், ஷாம்பு, பழைய பனியன். முன்பக்கத்தைத்தான் நன்றாகத் தேய்ப்பேன்.

சாகர் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருவான். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பான். மென்பொருளைப் புதுப்பித்துவிட்டேன் என்பான். "ஸார், காடி ஏக்தம் ஓகே." வண்டி முழுக்க சரியாக இருக்கிறதாம்.

உண்மையிலேயே சரியாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை வரை.

மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, சுரங்கப்பாதைச் சம்பவத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாந்தாமணியும் கூட வந்தாள். சோபாவில் உட்கார்ந்து மெஷின் காபி குடித்துக்கொண்டிருந்தாள். சாகர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, வண்டியை யார் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டான்.

நானும் குரலைத் தாழ்த்தி, "மேடம். மேடம் நயீ ஹை," என்றேன்.

மேடம் ஓட்டப் புதியவர் என்று சொல்ல வந்தேன். மேடமே புதியவர் என்று வந்துவிட்டது. சாகர் எங்கள் இரண்டு பேரின் நரையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்ன சொல்ல வருகிறேன் என்பது அவனுக்குப் புரிந்தது. தலையாட்டினான். ஓட்டுகிற ஆள் பழகினால் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

சோபாவிலிருந்து காபி கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது.

தண்ணீர் வராத சனிக்கிழமை

எங்கள் குடியிருப்பில் தண்ணீர் லாரி வராத நாட்கள் உண்டு. அப்படி ஒரு சனிக்கிழமை. குளிக்கவே அரை பக்கெட் என்கிறபோது காரைக் கழுவினால் செக்யூரிட்டி என் பெயரை லிஃப்டில் எழுதி ஒட்டிவிடுவான். முதல் முறையாகக் காரை அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். முகம் கழுவாத குழந்தை, முந்தின நாள் சாயங்காலம் வைத்த பொட்டோடு.

வழி முழுக்கக் கத்திக்கொண்டே வந்தது. சர்வீஸ் சென்டர் வாசலில் உள்ளே திரும்பும்போது ஒரு குலுக்குக் குலுக்கி, சாகரின் கண்ணெதிரே நின்றது. எதிரில் யாரும் இல்லை. அவனே ஓரமாகத்தான் நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை நாளாகக் கூப்பிட்டும் வராத சாட்சி, கோர்ட்டுக்குத் தானாக நடந்து வந்ததுபோல.

"பாத்தியா? பாத்தியா?" என்று தமிழிலேயே கேட்டேன்.

சாகர் முன்பக்கம் வந்தான். குனிந்தான். கொஞ்ச நேரம் கழித்து வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஸார், யே பூஜா கா ஹை?"

பூஜையில் வைத்ததுதான் என்றேன். வெள்ளிக்கிழமைதோறும் வைப்போம் என்று பெருமையாகவும் சொன்னேன்.

அவன் மெதுவாக விளக்கினான். அந்த நாலு வட்டமும்தான் வண்டியின் கண். எதிரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற சென்சார். அதன்மேல் காய்ந்த சந்தனம் அப்பியிருந்தால், மூக்கிலேயே ஒருவன் வந்து இடிக்கிறான் என்று வண்டி நினைத்துக்கொள்ளும். உதிர உதிரச் சரியாகிவிடும். இத்தனை நாள் ஏன் கண்ணில் படவில்லை என்று அவனே ஆச்சரியப்பட்டான்.

முந்தின தடவையெல்லாம் கழுவிக்கொண்டு வந்தேன் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்கிற அளவுக்கு எனக்கு இந்தி வராது என்பது ஒரு வசதி.

"அப்படீன்னா துடைச்சிடு," என்று கையைக் காட்டினேன்.

அவன் இரண்டு அடி பின்னால் போனான். சாமியுடையது, நான் துடைக்க மாட்டேன், நீங்களே துடையுங்கள் என்றான். பக்கத்தில் துணியோடு நின்றவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆகவே, பையன்களுக்கு மூலகாரணம் கற்பிக்கிற நான், சர்வீஸ் சென்டர் வாசலில் மண்டியிட்டு, கைக்குட்டையைக் குடிதண்ணீரில் நனைத்து, நாலு பொட்டையும் அழித்தேன். கைக்குட்டை சிவந்துபோனது.

சாகர் வண்டியை எடுத்தான். முன்னால் போனான், பின்னால் வந்தான், என் முழங்காலுக்கு அருகில் வரை கொண்டுவந்தான். அப்போது மட்டும் சரியாகக் கத்தியது.

சொல்வதா வேண்டாமா

வீடு திரும்பும் வழியெல்லாம் அமைதி. அந்த அமைதியில் எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது.

இதைச் சாந்தாமணியிடம் எப்படிச் சொல்வது? தனக்கு ஓட்ட வரவில்லை என்று ஏற்கெனவே ஒடுங்கிப்போயிருக்கிறாள். இப்போது போய், கோளாறே உன் கைப்பொட்டுதான் என்றால்? வண்டியைக் காப்பாற்ற என்று வைத்ததுதான் வண்டியைக் கெடுத்தது என்றால்? அடுத்த வெள்ளியிலிருந்து அவள் வைப்பதும், அவள் தூங்கின பிறகு நான் போய் அழிப்பதும் என்று ஒரு திட்டம் போட்டேன். சாகர் ஏதோ ஒயரை மாற்றிவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தொங்கிய கைக்குட்டையைப் பார்த்தாள்.

"என்னங்க ரத்தம்?"

"ரத்தமில்ல அம்மணி, குங்குமம்."

அதற்கு மேல் திட்டம் நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வட்டம், கண், சந்தனம், உதிர்வது, வெள்ளி, சனி. நடுநடுவே, "இதுல உன்ற தப்பு ஒண்ணுமில்ல," என்று சேர்த்துக்கொண்டே போனேன்.

அவள் அசையாமல் கேட்டாள். கை துடைத்துக்கொண்டிருந்த துண்டு கையிலேயே இருந்தது.

"மறுக்காச் சொல்லுங். பொட்டு இருந்தா யாரு ஓட்டுனாலும் நிக்குமா?"

"யாரு ஓட்டுனாலும் நிக்கும். இன்னைக்கு நான் ஓட்டும்போதுந்தான் நின்னுது."

"அப்ப அன்னைக்கு அந்தப் பாலத்துக்கடியில நான் ஓட்டுனது சரிதானுங்களே?"

"சரிதான்."

"நான் எதையும் மிதிக்கல?"

"மிதிக்கல."

பொட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பயந்துகொண்டு வந்த விஷயம் அவள் கணக்கிலேயே இல்லை. அது போனால் போகிறது, பானட் மேல வெச்சாப் போச்சு என்று ஒரு வரியில் முடித்துவிட்டாள். துண்டை நாலாக மடித்து நாற்காலி முதுகில் போட்டாள்.

"நீங்க அந்தப் பையன்கிட்ட 'மேடம் நயீ ஹை'ன்னு சொன்னீங்கல்ல?"

"அது வந்து, எனக்கு இந்தி..."

"இந்தி எனக்குத் தெரியுமுங். அவன் தலையாட்டுனான். நீங்களும் தலையாட்டுனீங்க. அதுக்கப்பறந்தான் எனக்கு நெசமாலுமே ஓட்ட வரலைன்னு ஆயிப்போச்சு."

கைக்குட்டையைப் பையிலிருந்து எடுத்து அழுக்குத் துணிக் கூடையில் போட்டேன்.

"திங்கக்கெழமை அந்தப் பையனுக்கு போன் போட்டு, மேடம் நல்லாத்தான் ஓட்டுனாங்கன்னு சொல்லுங். தப்பான இந்தியிலயே சொல்லுங், பரவால்ல," என்றாள்.

திங்கட்கிழமை

சாவியை அவளே எடுத்தாள். நான் இடதுபக்கம் ஏறிக்கொண்டேன். அவளைப் பள்ளிக்கூடம் வரை துணைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்து லோக்கல் ரயில் பிடித்து பிம்ப்ரி போவதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தது நான்தான், அவள் கேட்கவில்லை.

வண்டி வாயே திறக்கவில்லை. பேருந்துக்குப் பின்னால் போனாள், ஆட்டோவை ஒதுக்கினாள், டெம்போவுக்கு வழி விட்டாள். ஒரு பீப் இல்லை. மெட்ரோ தூண்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. அவள் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். காலைக் குளிரோடு எங்கோ தாளிக்கிற வாசனை உள்ளே வந்தது.

நானும் அமைதியாகத்தான் வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். டெம்போ குறுக்கே வந்தபோது "ஸ்ஸ்ஸ்" என்றேனாம். சிக்னலில் "பாத்து, பாத்து" என்றேனாம். என் வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறது. கை மேலே இருக்கும் பிடியை விடவே இல்லை.

ஒரு பேருந்து நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் அவள் இண்டிகேட்டர் போட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். பக்குவமாக ஓரம் கட்டி நிறுத்தினாள்.

"என்ன அம்மணி, என்னாச்சு?"

"வண்டிச் சத்தம் நின்னுருச்சுங். உங்க சத்தந்தான் நிக்க மாட்டீங்குது. எறங்குங்."

இறங்கினேன். சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாக நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். பின்னால் வண்டி வருகிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு எடுத்தாள். நான் பிளாட்பாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சிக்னலில் எல்லோரையும்போல் நின்றாள், பச்சை விழுந்ததும் எல்லோரையும்போல் போனாள். அதற்கப்புறம் எது அவள் வண்டி என்று எனக்கே தெரியவில்லை.

பிம்ப்ரிக்குப் போகிற பேருந்து எதிர்ப்பக்கத்தில்தான் நிற்கும். சாலையைக் கடக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது.